மடியில் ஒரு காகிதம்

கல்லை உருட்டிவிட்டது ஒரு குற்றமா என்று கேட்டு நாலைந்து வாசகர்கள் எழுதியிருக்கிறீர்கள். மலையில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் கல் உருட்டித்தான் வளர்ந்தோம் என்று பட்டிப்பொலயிலிருந்து ஒரு ரயில்வேக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். ஐயா, நானும் உருட்டியிருக்கிறேன். நீங்களும் நானும் உருட்டிய கற்கள் வடிகால் கான்களில் விழுந்து நின்றுவிட்டன. அது நம்முடைய அதிர்ஷ்டம். நாகலெட்சுமி உருட்டிய கல் நிற்கவில்லை.

பத்தொன்பது நாளைக்கு முன்னால் பொகவந்தலாவைத் தோட்டத்தின் மேல்மலையில் கொழுந்து பறித்த பெண்பிள்ளைகள், தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில், யாருடைய கல் ரோட்டைத் தொடுகிறது என்று பந்தயம் கட்டினார்கள். நாகலெட்சுமியின் கல், கீழே கொழுந்து ஏற்றி வந்த லொறியின் முன்கண்ணாடியில் இறங்கியது. லொறி பள்ளத்தில் உருண்டது. டிரைவர் சின்னராசா இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்காமல் கிடக்கிறான். முந்தின நாள்தான் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவனுக்கும் நாகலெட்சுமியின் அப்பன் ஆண்டியப்பனுக்கும் வாய்ச்சண்டை நடந்திருந்தது. பழிக்குப் பழி என்று பொலீஸ் எழுதிக்கொண்டது.

அப்புறம் வயதுக் கதை. பதினாறு நிரம்பாத பிள்ளையானால் நீதவான் தனி முறையில் விசாரிப்பார், ஜெயில் கிடையாது. பதினாறு தாண்டியவள் என்றால் கூண்டு, பெரியவர்களுக்கான தண்டனை, கொழும்பில் பெண்கள் ஜெயில். தோட்டத்துப் புத்தகத்தில் நாகலெட்சுமிக்கு வயது பதினேழு. காகிதத்தில் பதினேழு வயதாகி, கூண்டுக் கம்பிக்கு மேலே கண் மட்டும் தெரிய நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்து நீதவானுக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மை வயதைக் கண்டுபிடித்து வரும்படி நன்னடத்தை அதிகாரி கணேசமூர்த்தியை அவர் அனுப்பியதும், பிள்ளையின் தாய் காளியாயி "பதிமூணுதான் ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டதும் உங்களுக்குத் தெரிந்ததே.

இன்றைக்கு வயது விசாரணை.

அட்டன் போகும் முதல் பஸ்ஸில் ஆண்டியப்பனும் காளியாயியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பின் சீட்டில் டோபி அழகம்மா. ஆனி மாதத்து மழை கண்ணாடியைப் போர்த்தியிருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. வளைவுக்கு வளைவு டிரைவர் ஹோர்ன் அடித்தான். ஒவ்வொரு ஹோர்னுக்கும் காளியாயியின் கை இடுப்பு மடிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"வயித்துவலியா?" என்றான் ஆண்டியப்பன்.

"இல்லீங்க. குளிரு."

"அழகம்மா சொன்னாப் போதுமா புள்ள?"

"போதும்ங்க. நம்ம லயத்துல எந்தப் புள்ளைக்குச் சடங்கு வச்சாலும் அழகம்மா மாத்துத்துணி கொண்டாராம நடக்குமா? நாகுவுக்கு இன்னும் சடங்கு வைக்கலன்னு அவ மாரியம்மா மேல சத்தியம் பண்ணப்போறா. பதினேழு வயசு வரைக்கும் பெரியவளாகாத பொண்ணு உலகத்துல உண்டா? கோர்ட்டுல இருக்கவங்களும் புள்ளகுட்டிக்காரங்கதானே."

கணேசமூர்த்தி ஐயாவும் அதைத் தள்ளிவிடவில்லை. டாக்டர் கடிதம் பதினாலிலிருந்து பதினேழுக்குள் இருக்கலாம் என்று இழுத்தாற்போல் சொல்கிறது, இப்படி ஒரு சாட்சி இருந்தால் நீதவான் யோசிப்பார் என்று போன வாரம் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்தபோது சொல்லியிருந்தார். காளியாயி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஏழு நாளை ஓட்டிவிட்டாள்.

ஆண்டியப்பன் குரலைத் தாழ்த்தினான். "அழகம்மா சொல்லட்டும். அந்தப் பழைய கதைய மட்டும் நீ எடுத்துறாத. அடுத்த மாசம் நமக்குப் பிரஜாவுரிமை விசாரணை. ஞாபகம் இருக்கட்டும்."

"எடுக்கலங்க."

அந்தப் பழைய கதையை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இவர்கள் கொத்மலைப் பக்கம் வேறொரு தோட்டத்தில் இருந்த காலத்தில், முப்பத்தெட்டாம் வருஷம், மூத்த பெண் பிறந்தாள். குலசாமிக்கு நேர்ந்துகொண்டு பிறந்தவள் என்று நாகலெட்சுமி எனப் பெயர் வைத்தார்கள். தோட்டத்து ஆபீஸ் மூலம் பதிந்து பிறப்புப் பத்திரமும் வந்தது. இரண்டே முக்கால் வயதில் ஒரு காய்ச்சல், மூன்றே நாளில் பிள்ளை போய்விட்டது. மறு வருஷம் ஆடியில், காளியாயி தன் தாய் இருந்த தோட்டத்துக்குப் பிரசவத்துக்குப் போயிருந்தபோது, இரண்டாவது பெண் பிறந்தாள். சாமிக்கு நேர்ந்த பெயரை மாற்றக் கூடாது என்று அதே பெயரை வைத்தார்கள். வந்த இடத்தில் பிறந்த பிள்ளையை அந்தத் தோட்டத்தார் பதியவில்லை. சொந்தத் தோட்டத்துக்குத் திரும்பியதும் பதியச் சொன்னவர்களிடம் ஆண்டியப்பன் கேட்டது இது: "அதான் அந்தப் பேருக்கு ஒரு பத்திரம் இருக்கே, இன்னொண்ணு எதுக்குங்க?"

இது சூது இல்லை. பத்திரம் பெயருக்குச் சொந்தம் என்று அவன் மனதார நம்பினான். இன்றைக்கும் அப்படி நம்புகிறவர்களை நமது லயங்களில் நூறு பேரைக் காட்டுவேன்.

சூது பிறகு வந்தது. பொகவந்தலாவைக்கு வந்தபின், ஐம்பத்தோராம் வருஷம் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டபோது, பிள்ளைகளின் பத்திரம் கேட்டார்கள். செத்தவளின் பிறப்புப் பத்திரத்தை உயிரோடு இருக்கிறவளுடையது என்று சொல்லி ஆண்டியப்பன் சத்தியக் கடதாசி கொடுத்துவிட்டான். அதே பத்திரத்தைக் காட்டித்தான் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தார்கள். "வயசுக்கேத்த வளர்த்தி இல்லையே" என்று கணக்கப்பிள்ளை சிரித்தார், அவ்வளவுதான்.

மனுப் போடுவதற்கு முந்தின நாள், மூத்தவளின் இறப்புப் பத்திரத்தை அடுப்பில் போட்டுவிடும்படி அவன் காளியாயியிடம் சொன்னான். அவள் பருப்புச் சுற்றி வந்த காகிதத்தை அடுப்பில் போட்டாள். அந்தப் பிள்ளைக்கென்று உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு தாள்தான். அதை எரிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அதுதான் இப்போது அவள் மடியில் இருந்தது. காட்டுவதற்காக எடுத்து வரவில்லை. தகரப் பெட்டியில் விட்டுவிட்டு வரப் பயமாக இருந்தது. கொண்டு வந்ததும் பயமாகவே இருந்தது.

கோர்ட்டு வராந்தாவில் ஈரக் கம்பளியின் நாற்றமும் சுருட்டு நாற்றமும் கலந்து அடித்தன. பத்து மணிக்குச் சற்று முன் கண்டியிலிருந்து ஜெயில் வண்டி வந்தது. நாலு ஆண்களை இறக்கியபின் கடைசியாக, ஒரு ஜெயில் அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நாகலெட்சுமி இறங்கினாள். அவளுக்குச் சேலை கட்டிவிட்டிருந்தார்கள். இரண்டு சுற்றுக்கு வேண்டிய சேலை அவள் உடம்பில் நாலு சுற்றுச் சுற்றியிருந்தது.

"பொடி லமயெக்" என்றாள் ஜெயில் அம்மாள் காளியாயியைப் பார்த்து. சின்னப் பிள்ளைதானே என்று அந்தச் சிங்களத்து அம்மாளுக்கே தெரிந்திருக்கிறது. ஐந்து நிமிஷம் பேசிக்கொள்ளும்படி கையைக் காட்டிவிட்டுத் தூணோரம் தள்ளி நின்றாள்.

"சின்னராசா மாமா முழிச்சிருச்சாம்மா?" இதுதான் பிள்ளை கேட்ட முதல் கேள்வி.

"முழிச்சிரும்டி. சாப்பிடுறியா? அடிக்கிறாங்களா?"

"அடிக்கல. ராவுல பக்கத்துல ஒரு பொம்பள கத்திக்கிட்டே இருக்கும். நா கண்ண மூடிக்குவேன்." அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு அம்மாவின் காதருகே வந்தாள். "அம்மா, அப்பாகிட்ட சொல்லாத. நா பெரியவளாயிட்டேன்."

காளியாயிக்கு முதலில் புரியவில்லை.

"அஞ்சு நாளாச்சும்மா. எனக்கு என்னமோ ஆயிருச்சு, சாகப்போறேன்னு நெனச்சு அழுதேன். அந்த அம்மாதான் துணி குடுத்து, ஒண்ணுமில்லன்னு சொல்லி, ஒரு துண்டு கருப்பட்டி குடுத்தாங்க."

தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டி, லயத்துப் பெண்கள் எல்லாரும் கூடிக் குலவையிட வேண்டிய நேரத்தில், பிள்ளை பூட்டிய அறையில் தன்னந்தனியாகக் கிடந்திருக்கிறாள். காளியாயி மகளின் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அழுகைக்கு முன்னால் பயம் வந்துவிட்டது. தூணுக்கு அந்தப் பக்கம் அழகம்மா, தன் சாட்சியை உதட்டுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கணேசமூர்த்தி கையில் கோப்போடு வந்தார். மெலிந்த மனிதர். இந்த வேலைக்குக் கொஞ்சம் இளகிய மனசு. அவர் முகத்தைப் பார்த்ததுமே காளியாயிக்குத் தெரிந்துவிட்டது.

"ஐயா, ஒங்களுக்குத் தெரியுமுங்களா?"

"ஜெயில் காகிதத்துல எழுதியிருக்கும்மா. இப்பத்தான் பார்த்தேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அழகம்மா உண்மையைத்தான் சொல்லுவாங்க. ஆனா பொலீஸ் இந்தக் காகிதத்தைக் காட்டினா அதுக்கு மேல எடுபடாது. உங்ககிட்ட வேற ஏதாவது இருக்கா? பழைய காகிதம் ஏதாவது? எதுவானாலும் சரி."

"ஒண்ணும் இல்லீங்கய்யா" என்றான் ஆண்டியப்பன் முந்திக்கொண்டு. அவனைப் பொறுத்தவரையில் அது உண்மை.

"கேஸ் கூப்பிட இன்னும் பத்து நிமிஷம் ஆகும். யோசிச்சுப் பாருங்க." அவர் உள்ளே போனார். ஜெயில் அம்மாளும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

காளியாயி புருஷனைச் சுவரோரம் இழுத்தாள்.

"நா எரிக்கலங்க."

"எத?"

"அன்னைக்கு அடுப்புல போட்டது பருப்புக் காகிதம். மூத்தவ காகிதம் எங்கிட்டதான் இருக்கு."

ஆண்டியப்பனின் முகம் வெளிறிப்போனது. கை ஓங்குவான் என்று அவள் எதிர்பார்த்தாள். ஓங்கியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

"காளியாயி, வேணாம். நா பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கேன். தெரிஞ்சா மனுவத் தூக்கிக் கடாசிருவாங்க. எனக்கு, ஒனக்கு, நம்ம சின்னப் பயலுக்கு, நாகுவுக்கு, ஒருத்தருக்கும் ஊரு இல்லாமப் போயிரும். இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்திருவாங்க. அங்க நமக்கு யாரு இருக்கா? வீடு இருக்கா, வாசல் இருக்கா?"

"ஜெயிலுக்குப் போறவளுக்கு அங்க யாரு இருக்கா?"

"வருஷமோ ரெண்டு வருஷமோ, திரும்பி வந்துருவா. நாடு போனா வருமா?"

இதை எழுதும்போது எனக்கும் அவன் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. நாலு பேரை நினைத்துப் பேசுகிறான். ஒருத்தியை நினைத்துப் பேசுவது தாய்க்குத்தான் முடியும் போலிருக்கிறது.

"சின்னராசா செத்துட்டா?" என்று கேட்டாள் காளியாயி. "அப்பவும் ரெண்டு வருஷம்தானா?"

ஆண்டியப்பனின் பிடி தளரவில்லை.

கோர்ட்டுச் சேவகன் வாசலில் வந்து நின்று கூவினான். "நாகலெட்சுமி! ஆண்டியப்பன் மகள் நாகலெட்சுமி!"

உள்ளே நிற்க இடமில்லை. நாகலெட்சுமி கூண்டில் நின்றாள். கம்பியைப் பிடித்த விரல்களும் அதற்கு மேலே நெற்றியும் கண்களும்தான் தெரிந்தன. நீதவான் இங்கிலீஷில் பேசினார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். அழகம்மாவைக் கூப்பிட்டார்கள். பாவம், அவள் மாரியம்மன் மேல் ஆணையிட்டு, தெரிந்ததை நேராகச் சொன்னாள். பொலீஸ் சார்ஜன்ட் எழுந்து ஜெயில் காகிதத்தை நீட்டினார். அதில் இருந்ததை மொழிபெயர்ப்பாளர் சபையில் உரக்கச் சொல்லவே, பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். நாகலெட்சுமியின் தலை கம்பிக்குக் கீழே இறங்கிப்போனது. அழகம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு காளியாயியைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தச் சிரிப்பு காளியாயியின் காதில் விழுந்தது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. புருஷனின் கையை உதறிவிட்டு, "சாமி, எங்கிட்ட ஒரு காகிதம் இருக்குங்க!" என்று கத்தினாள்.

சேவகன் அதட்டினான். கணேசமூர்த்தி எழுந்து நின்று இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நீதவான் கையை அசைத்தார். காளியாயி மடியை அவிழ்த்து, வெற்றிலை அளவுக்கு மடித்து மடித்து மஞ்சளாகியிருந்த தாளைக் கொடுத்தாள்.

நீதவான் நெடுநேரம் வாசித்தார். பிறகு அதை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார். அந்த மனிதருக்கு நல்ல கணீரென்ற குரல். அன்றைக்குக் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம்.

"நாகலெட்சுமி. தகப்பன் ஆண்டியப்பன், தாய் காளியாயி. வயது இரண்டு வருஷம் எட்டு மாதம். காய்ச்சலினால் மரணம். ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பதாம் ஆண்டு நவம்பர் மாதம்."

கூண்டுக் கம்பிக்கு மேலே அந்தக் கண்கள் மறுபடி எழும்பின. மூத்தவள் ஒருத்தி இருந்ததை இந்தப் பிள்ளைக்கு யாரும் சொன்னதில்லை. செத்தவள் பெயரைத் தாங்கியிருக்கிறாள் என்று தெரிந்தால் பிள்ளை பயப்படும் என்று காளியாயி பதிமூன்று வருஷமாக மறைத்து வைத்திருந்தாள்.

நீதவான் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் திருப்பினார்: "முப்பத்தெட்டில் பிறந்த நாகலெட்சுமி நாற்பதில் இறந்துபோனாள். அப்படியானால் அந்தப் பிறப்புப் பத்திரத்தை இந்தப் பெண்ணுடையது என்று சொன்னது யார்?"

காளியாயி வாய் திறந்தாள். "நாந்தான் சாமி" என்று சொல்லத்தான் திறந்தாள். அதற்குள் அவளுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அவ இல்லீங்க. நான்."

ஆண்டியப்பன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு முன்னே வந்தான். "தோட்டத்துலயும் நாந்தாங்க குடுத்தேன். பிரஜாவுரிமை மனுவுக்கும் நாந்தாங்க சத்தியம் பண்ணுனேன். அது பொய்ச் சத்தியமுங்க. இவ எம் மக. பதிமூணு வயசுங்க. எழுதிக்குங்க."

எழுத்தர் எழுதிக்கொண்டார். பேனா காகிதத்தில் கிறீச்சிடுவது பின்வரிசை வரை கேட்டது.

நீதவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரமாக நடந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரையும் வெளியே போகச் சொன்னார். சிரித்தவனும் போனான். நாகலெட்சுமியைக் கூண்டிலிருந்து இறக்கி ஒரு நாற்காலியில் உட்காரவைக்கச் சொன்னார். இனி அவள் ஜெயிலுக்குத் திரும்ப வேண்டாம், அடுத்த தவணை வரையில் பிள்ளைகளை வைத்திருக்கும் விடுதியில் கணேசமூர்த்தியின் பொறுப்பில் இருக்கட்டும் என்றார். காளியாயி இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக் கும்பிட்டாள்.

"இன்னும் முடியவில்லை" என்றார் மொழிபெயர்ப்பாளர், நீதவானின் முகத்தைப் பார்த்தபடியே. "இந்த இரண்டு பத்திரமும் கோர்ட்டில் இருக்கும். அதன் பிரதி பிரஜாவுரிமைக் கந்தோருக்குப் போகும். அடுத்து ஒரு கேள்வி. இந்தப் பிள்ளை பிறந்ததற்கு என்ன அத்தாட்சி இருக்கிறது?"

"பெத்தவ நா இருக்கேன் சாமி."

"நீங்கள் சொல்வது போதாது. பிறப்பைப் பார்த்தவர் வேறு யாராவது வேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்துப் புத்தகத்தில் உள்ள வயதைத்தான் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்."

காளியாயி புருஷனைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் ஒரே பெயர்தான் நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் தொப்புள்கொடி அறுத்த மருத்துவச்சி சீதாலெட்சுமி. அவள் மகனும் மருமகளும் போன தையிலே இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். கிழவியையும் கூட்டிக்கொண்டு போனார்களா, இங்கேயே விட்டுவிட்டுப் போனார்களா என்று யாருக்கும் தெரியாது.

"ஒருத்தி இருக்கா சாமி" என்றாள் காளியாயி. இருக்கிறாளா என்று தெரியாமலே சொன்னாள்.

"பதினாலு நாள் தவணை" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாகலெட்சுமியின் கால் தரையைத் தொடவில்லை. காளியாயி ஓடிப்போய் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டாள். பாதம் சில்லிட்டிருந்தது.

"ஜெயில் இல்லடி. இனிமே அங்க போக வேணாம். கேட்டியா?"

பிள்ளை அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. மேசைமேல் விரித்துக் கிடந்த மஞ்சள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அவங்க வாசிச்சது எம் பேருதானே? நா எப்பம்மா செத்தேன்?"

"நீ சாகலடி, என் தங்கம். அது ஒங்க அக்கா. ஒனக்கு முந்திப் பொறந்தவ. அவதான் நாகலெட்சுமி. அவதான் செத்துப்போனா."

நாகலெட்சுமி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு மேசையையும் பார்த்தாள்.

"அப்ப எம் பேரு என்னம்மா?"

காளியாயி அவள் கால்களை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.